டயரில் இறக்கிய காற்று

வாப்பா மவுத்தாகிவிட்டார் என்று புக்கிட் பாத்தோக் ரப்பர் தோட்டத்திலிருந்து ஆள் வந்து சொன்னபோது முற்பகலாகிவிட்டது. நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார்களாம். எங்களில் பெண்கள் அடக்கத்துக்குக் கபர்ஸ்தான் வரை போவதில்லை. உடலைச் சுமக்கும் சந்தூக் வாசலைத் தாண்டிவிட்டால் அந்த முகத்தை நான் இனி பார்க்கவே முடியாது.

இரண்டு வருஷமாக நான் வாப்பாவோடு பேசவில்லை. உம்மா மவுத்தாகி நாற்பது நாள்கூட ஆகாமல் ஜைனபை நிக்காஹ் செய்துகொண்ட மனிதரோடு எனக்கென்ன பேச்சு? ஆனாலும் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

ஜாலான் புசாரில் எங்கள் பக்கத்துக் கடை மோட்டார் காரை ஓட்டும் ரவூப் நானா, முதலாளியிடம் கேட்டு வண்டியைக் கொண்டுவந்தார். அந்தத் தெரு மோட்டார்காரர்களுக்கு ஒரு வழக்கம். காலையில் ஒருவர் டயரை ஒருவர் உதைத்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் அமுங்கினால் போச்சு, நாள் முழுக்கக் கிண்டல்தான். நானாவின் டயர் கருங்கல்லாக இருக்கும்.

மழை விட்டு மண்ணிலிருந்து ஆவி எழுந்தது. ரப்பர் மரங்கள் வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்து, மறுபடி வெள்ளைக்குள் போயின. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. வாப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். தாடி வந்தது, கண் வரவில்லை.

தோட்டத்து மண்பாதையில் சக்கரம் புதைந்தபோதுதான் விழித்தேன். இன்னும் மூன்று மைல் இருந்தது. நானா முடுக்க முடுக்க வண்டி ஆழமாக இறங்கியது.

"காத்தைக் கொஞ்சம் எறக்குங்க நானா."

"இன்னும் அடிச்சாத்தான் ஏறும்லா. எனக்குத் தெரியாத வண்டியா?"

"தெரிஞ்ச லட்சணத்தைத்தான் பார்க்குறேனே. அந்த எருமைத் தடத்தைப் பாருங்க. அவ்வளவு கனத்துக்கும் மேலாப்புலதான் போயிருக்கு, குளம்பை விரிச்சு வைக்குது. உங்க டயர் கத்தி மாதிரி கீறிக்கிட்டு எறங்குது."

"ரொம்ப எறக்கினா டயர் கழண்டுடும், நஃபீசா."

"அப்ப பார்த்து எறக்குங்க. நான் ஏறி உட்காருறேன், கனம் தெரியும்."

நான் உட்கார, அவர் குந்தி வால்வை அழுத்தினார். காற்று மெதுவாகச் சீறியது. கொஞ்சம் விடுவார், கை வைத்துப் பார்ப்பார். டயரின் அடி ஒரு கை அகலத்துக்குப் பரந்து படிந்ததும் நிறுத்திக்கொண்டார். நான்கு சக்கரத்துக்கும் அப்படியே செய்தார். பழக்கதோஷத்தில் ஒரு உதை விட்டார், கால் அமுங்கியது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

வண்டி ஏறிவிட்டது. குலுக்கல் இல்லை, சத்தமும் இல்லை. யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போவது போலிருந்தது. அந்த நேரத்தில் அப்படியொரு சுகம் இருந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போய்ச் சேர்ந்தபோது தொழுகை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆண்கள் முற்றத்தில் முகம் சுளித்து நின்றார்கள். ஜைனப் வாசற்படியில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சந்தூக் அவளுக்குப் பின்னால் உள்ளேயே இருந்தது.

என்னைக் கண்டதும் எழுந்தாள். அவளே துணியை விலக்கினாள். வாப்பாவை வேண்டுமட்டும் பார்த்தேன்.

தூக்கிப்போன பிறகு என் காலிலிருந்த சேற்றைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

"தெனமும் அந்தப் பாதையத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாரு. வெயில் காலத்துல காஞ்சுதானே கெடந்துச்சு."