ஓடுபாதையில் மூன்று முறை

வயிறு காலியாக ஒரே ஒரு பயணி உள்ளே இருந்தாலும் அந்த நிலையத்திலிருந்து விமானம் எழும்பாது. ஓடுபாதையின் கடைசிவரை ஓடும், வேகமும் பிடிக்கும், சக்கரம் மட்டும் தரையை விடாது. தொடக்கத்தில் இரண்டு வருடங்கள் பொறியாளர்கள் இயந்திரங்களைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள். பிறகு இருக்கைகளைச் சுத்தம் செய்யும் பெண்மணி ஒருத்தி காரணத்தைக் கண்டு சொல்ல, ஒன்பதாம் வாயிலுக்கு எதிரே ஒரு பர்கர் கடையைத் திறந்தார்கள். அங்கே கேட்ட நான்காவது நிமிடத்தில் தட்டு வந்துவிடும். வாயிலில் நிற்கும் ஊழியர் பயணச்சீட்டைப் பார்ப்பார், அடையாள அட்டையைப் பார்ப்பார், அப்புறம் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்பார். அந்த ஏற்பாட்டில் இருந்தது ஒரே ஓட்டைதான். இந்தக் கேள்விக்கு நம்மில் யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை.

பதினொன்று நாற்பது விமானத்துக்கு வந்த நூலகரும் யோசிக்காமல்தான், "ஆச்சு" என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் எல்லாவற்றுக்கும் ஆச்சு என்றே சொல்லிப் பழகியிருந்தாள். தூங்கியாச்சு, மறந்தாச்சு, மனசு ஆறியாச்சு. உண்மையில் ஒன்பது நாட்களாக அவளுக்குத் தண்ணீரும் கஞ்சியும் தவிர எதுவும் இறங்கவில்லை. அன்று காலை அதுவும் இல்லை. ஒன்பது நாட்களுக்கு முன்புதான் தங்கையின் கணவர் கூப்பிட்டிருந்தார். இதயத்தில் அறுவை சிகிச்சை, இந்தத் தேதி, மாலை நான்கு மணி. அக்கா வந்து நிற்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தங்கை அடம்பிடிக்கிறாள். அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா மருத்துவமனையில் கிடந்த கடைசி நாளில், இரண்டு ராத்திரி கண் விழித்திருந்த தங்கை, எதிர்க்கடையில் ஒரு பர்கர் தின்றுவிட்டு வருகிறேன் என்று கீழே போனாள். அவள் திரும்புவதற்குள் அம்மா போய்விட்டாள். உதட்டோரம் சாஸ் துடைக்காமல் வந்து நின்றவளைப் பார்த்து, "பெத்தவளைவிட உனக்கு வயிறுதான் பெருசு" என்றாள் நூலகர். ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு இவளுக்குச் சாப்பாட்டில் ருசி இல்லாமல் போனதை யாரும் அந்த வாக்கியத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அவள் உட்பட.

விமானம் மூன்று முறை ஓடிப் பார்த்தது. மூன்றாவது முறை திரும்பியபோது, பள்ளிக்கூடத்தில் போல, சாப்பிடாதவர்களைக் கையை உயர்த்தச் சொன்னாள் பணிப்பெண். நூலகர் உயர்த்தினாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, பக்கத்து இருக்கை வியாபாரி, "மெதுவா சாப்பிட்டு வாங்கம்மா, நான் மாமியார் வீட்டுக்குத்தான் போறேன். எவ்வளவு லேட்டானாலும் புண்ணியம்தான்" என்றார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விமானியும் கூடவே இறங்கி வந்தார்.

"காம்போவா, தனியாவா மேடம்?" என்றாள் கல்லாக்காரி.

"ஏதோ ஒண்ணு குடுங்க."

"ஏதோ ஒண்ணுங்கிற ஐட்டம் எங்ககிட்ட இல்ல மேடம்."

நான்காவது நிமிடத்தில் தட்டு வந்தது. ரொட்டியின் வாசனை அவளை நேராக ஆறு வருடத்துக்கு முந்தைய மருத்துவமனை வராந்தாவில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு கடி வாய்க்குள் போனது, தொண்டையில் நின்றது. விமானி கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். ஒரு மணிக்குள் கிளம்பாவிட்டால் நான்கு மணிக்குப் போய்ச் சேர முடியாது. அந்த நேரத்தில்தான் கைபேசி அடித்தது.

"எங்க இருக்க?" என்றாள் தங்கை, நேற்றும் பேசியவள் போல.

"ஏர்போர்ட்ல. சாப்பிட்டாத்தான் பிளேன் கிளம்புமாம். பர்கர்."

கையிலிருந்த பர்கரைத் தட்டில் வைத்தாள்.

"அன்னைக்கு உனக்கு ரொம்பப் பசிச்சிருக்கும் இல்ல?" என்றாள் நூலகர்.

"கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சுக்கா. அதான் போனேன்."

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சொல்லியிருக்கக் கூடாதுதான். அதை நேர்ல வந்து சொல்லு, நல்லா திட்டணும் உன்னை. இங்க எனக்குப் பச்சத்தண்ணிகூடத் தர மாட்டேங்கிறாங்க, நீயாவது தின்னுடி. மென்னு தின்னு. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன், எங்கக்கா சாப்பிட்டுட்டு இருக்கா, கொஞ்சம் நில்லுங்கன்னு."

நூலகருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் அந்த ஒரு வாய் உள்ளே போனது. அதன்பின் அவள் நிறுத்தவில்லை. உருளைக்கிழங்கு வறுவலையும் தாளின் மடிப்பில் ஒட்டியிருந்த எள்ளையும்கூட விடவில்லை. பசி என்பது இவ்வளவு எளிமையான விஷயமா என்று நினைத்தாள். பசித்ததால் யாரும் யாரையும் குறைத்து நேசிப்பதில்லை. வந்தால் வருகிறது, சாப்பிட்டால் போகிறது.

ஒன்று பத்துக்கு விமானம் பாதி ஓடுபாதை மிச்சமிருக்கவே மேலெழும்பியது; கைதட்டியவர்களில் வியாபாரி மட்டும் அரைமனதாகத் தட்டினார். நாலே காலுக்கு, சக்கரக் கட்டிலில் கிடந்த தங்கை அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "என்ன இப்படி இளைச்சுட்ட?" என்று திட்டத் தொடங்கினாள். திட்டி முடித்தபின் கையெழுத்துப் போட்டாள். ஏழரைக்கு மருத்துவர் வெளியே வந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். நூலகர் வராந்தா நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள்.

விமான நிலையத்தின் தாமதப் பதிவேட்டில் அன்று இரண்டு விமானங்கள் இருக்கின்றன. காலை ஆறு இருபது, காரணம் மூடுபனி. பதினொன்று நாற்பது, காரணம் ஒரு பயணியின் பசி. இரண்டுக்கும் கீழே 'இயற்கை' என்று எழுதி மேலாளர் கையெழுத்திட்டிருக்கிறார்.