இருட்டியதும் ஒன்று

மருந்துக் கடையின் பின்னறையில் எனக்கு வேலை. டாக்டர் சீட்டைப் பார்த்து, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று லேபிள் அடித்து ஒட்ட வேண்டும். பதினொரு வருஷத்தில் என் லேபிள் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அறைக்கு ஜன்னல் கிடையாது. இருட்டில் வேலைக்கு வந்து இருட்டில் வீடு திரும்புகிற இந்த வடகோடி நாட்டுக் குளிர்காலத்தில் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். பகல் குறுகத் தொடங்கினால் மனுஷனும் சுருங்கிவிடுவார். காலையில் எழுப்பினால் எழ மாட்டார். எதைக் கேட்டாலும் ஒரு ‘ம்’. மூன்று வருஷம் அதைச் சோம்பல் என்று நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். போன வாரம்தான் டாக்டர் விளக்கினார்.

“இருட்டினா மூளையில மெலடோனின்னு ஒண்ணு சுரக்கும்மா. ராத்திரி ஆயிடுச்சு, தூங்குன்னு உடம்புக்குச் சொல்றது அதுதான். விடிஞ்சா நின்னுடணும். இவருக்கு இந்த மாசங்கள்ல விடிஞ்சும் நிக்கறதில்லை போல. உடம்போட கடிகாரம் பின்தங்கிப் போச்சு. காலையில அரை மணி நேரம் பகல் வெளிச்சம் மாதிரி எரியற இந்த விளக்கு முன்னாடி உக்காரட்டும். படுக்கப் போறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி மெலடோனின் மாத்திரை ஒண்ணு. கடிகாரம் கொஞ்சம் முன்னால நகரும். போட்டப்புறம் வண்டியைத் தொடக் கூடாது.”

பக்கத்து நாற்காலியில் அவர் அரைத் தூக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தார். கேட்டது நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரைப் பெட்டியின் மேல் பேனாவால் எழுதினேன்: இருட்டியதும் ஒன்று. ஊருக்கெல்லாம் மணி போட்டு எழுதுகிறவள், இவருக்கு மட்டும் வீட்டுப் பேச்சில் எழுதினேன். எனக்கு இருட்டு என்றால் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிற ஏழு மணி. நாலு நாள் லீவில் இருந்தார். நாலு நாளும் நான் வரும்போது போர்வைக்குள் இருந்தார். நோய் முற்றுகிறதோ என்று பயந்தேனே தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் வேலைக்குத் திரும்பினார். அன்று சாயங்காலம் முன்பக்கத்திலிருந்து முதலாளி சத்தம் போட்டார்.

“இருட்டி அரை மணி நேரமாச்சு. போர்டு லைட்டைப் போட ஒருத்தருக்கும் தோணலையா?”

என் கை அப்படியே நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு அடித்து ஐந்து நிமிஷம். அப்படியானால் வெளியே மூன்றரைக்கே இருட்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர் மூன்றே முக்காலுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷன். திரும்ப நேரமானால் கையில் இருக்கட்டும் என்று மாத்திரைப் பெட்டியைக் காலையில் அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பியதும் நான்தான்.

ஓட்டும்போது அவர் போன் டிப்போ லாக்கரில் இருக்கும். தெரிந்தும் இரண்டு முறை அடித்தேன். பிறகு டிப்போவுக்கு அடித்தேன். சூப்பர்வைசர் எடுத்தார். மருந்து போட்டுக்கொண்டு ஓட்டினார் என்று சொன்னால் வேலை போய்விடும். ஒருவேளை அவர் போடாமலே இருந்தால், அவர் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டதாக ஆகும். ஒன்றுமில்லை என்று வைத்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த நொடிக்காக இன்னும் எனக்கு என் மேல் ஆத்திரம். பஸ்ஸில் முப்பத்தொரு பிள்ளைகள்.

“சார், அவரு தூக்கம் வர்ற மாத்திரை போட்டிருப்பாரு. வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே.”

சூப்பர்வைசர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வயர்லெஸ்ஸில் பஸ் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. “பதினாலு, கேக்குதா? பதினாலு.” பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். நாலாவது முறைக்கு ஒரு கரகரப்பு வந்தது.

“கேக்குது சார்.” வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போலிருந்தது.

“எங்க இருக்கீங்க?”

“பாலத்துக்கு முந்தின ஸ்டாப்ல நிக்கிறேன் சார். எவ்வளவு நேரமா நிக்கிறேன்னு தெரியலை. பிள்ளைங்கதான் தட்டி எழுப்பினாங்க.”

“சாவியை எடுங்க. பிள்ளைங்களை எண்ணுங்க.”

எண்ணினார். பதினெட்டில் தவறவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். இருபத்தாறு. இரண்டு ஸ்டாப்பில் ஐந்து பேர் இறங்கியிருந்தார்கள், கணக்குச் சரி என்றார் சூப்பர்வைசர். வேறு டிரைவரை அனுப்பிவிட்டு, “பேசுங்கம்மா” என்று போனை மைக் பக்கம் வைத்தார். அந்த லைனில் பேசினால் டிப்போவிலும், ஓடுகிற எல்லா பஸ்ஸிலும் கேட்கும். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏங்க, நான்தான்.”

“ஏம்மா, எனக்குப் பயமா இருக்கு. காலையிலதானே இது அமுக்கும்? இப்ப ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டிருக்கும்போதே வந்துடுச்சு. முத்திப்போச்சு போல. இனிமே நான் வண்டியைத் தொடக் கூடாது. வேலையை விட்டுடறேன்னு இன்னைக்கே எழுதிக் குடுத்துடறேன்.”

முதலாளி வந்து வாசலில் நின்றிருந்தார். அவருக்கும் எல்லாம் கேட்டது.

“உங்களுக்கு ஒண்ணும் முத்தலைங்க,” என்றேன். “மணியை எழுதாம விட்டது நான். ராத்திரி போட வேண்டிய மாத்திரை அது. நான் எழுதினதைத்தான் நீங்க செஞ்சீங்க.”



“அப்ப இது நோய் பண்ணதில்லையா?”

“இல்லைங்க.”

“நிஜமா?”

“நிஜமாங்க. நான் பண்ணது.”

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அத்தனை பேர் காதிலும் விழும்படி அவர் அழத் தொடங்கினார்.