சரிவில் போகும் குழாய்

வக்கீல் மார்லிஸ் சொன்ன ஆலோசனை சின்னது. "வாயத் திறக்காதீங்க. கேட்டைத் திறக்காதீங்க. கையெழுத்துப் போடாதீங்க. காபி குடுக்காதீங்க."

"காபியுமா?" என்றார் என் மாமனார் வெர்லின்.

"அது உங்களுக்காகவே சேர்த்தது."

நிலம் அவர் பெயரில். நானும் மகள் பிரிட்டாவும் அதன் நடுவே பள்ளத்து வீட்டில் இருக்கிறோம். எத்தனால் ஆலைகள் கக்கும் கரியமில வாயுவை அழுத்திக் கொண்டுபோய் வடக்கு டகோட்டாவில் பூமிக்கடியில் இறக்க ஒரு கம்பெனி குழாய் போடுகிறது. அவர்கள் வரைபடத்தில் குழாய் எங்கள் வீட்டுக்கு மேலே, சரிவில் போகிறது. உடைந்தால் வாயு இறங்கிவந்து பள்ளத்தில் தேங்கும். காற்றைவிடக் கனம். வாசனை கிடையாது. அந்த வாயுவுக்குள் மூச்சும் விட முடியாது, காரும் கிளம்பாது என்றார் மார்லிஸ். பிரிட்டாவுக்கு நாலு வயது.

"வடக்கு மேட்டுக்கு அந்தப் பக்கமா மாத்தச் சொல்லிக் கேக்கலாம்," என்றார். "அனுமதி தரலைன்னா அளக்கறதுக்கே அவங்க கோர்ட்டுக்கு வரணும். வரட்டும். மேட்டையும் சேர்த்து அளக்கணும்னு அங்க நான் கேப்பேன். ஆனா ஒரு தடவை சரிவை அளந்து முடிச்சிட்டாங்கன்னா, அந்தக் கோட்டை அப்புறம் யாரும் நகர்த்த மாட்டாங்க."

வெளியே வந்ததும் வெர்லின் கேட்டார். "துப்பாக்கியோட நிக்கட்டுமா மாப்ள?"

"வேண்டாம் மாமா. சும்மா இருந்தா போதும்."

"சும்மா இருன்னு சொல்றதுக்கு ஒரு வக்கீலா?"

என் மனைவி கெர்ஸ்டின் இறந்தபிறகு நாங்கள் இவ்வளவு பேசியது அன்றுதான். அவருக்கு அவள் ஒரே பெண்.

ஏப்ரலில் பனி உருகியது. தானியக் கிடங்கில் வேலை முடித்து, பிரிட்டாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். சரிவில் வெர்லினின் டிராக்டர் நின்றது. பக்கத்தில் கம்பெனி வண்டி, அச்சுவரை சேறு. ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் கருவிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டியின் பானெட்மேல் வெர்லினின் காபி பிளாஸ்க்.

"என்ன மாமா இது?"

"கேட்டுக்கு வெளியே சேத்துல மாட்டிக்கிட்டாங்க. சங்கிலி போட்டு இழுத்துவிட்டேன்."

"ரோட்டுக்குத்தானே இழுக்கணும்?"

"எந்தப் பக்கம்னு கேட்டேன். உள்ளேன்னாங்க."

எங்கள் ஊரில் சேற்றில் சிக்கிய வண்டியை யாரும் பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஓடியவன் வண்டியாக இருந்தாலும் முதலில் இழுத்துவிட்டுத்தான் அடிப்பார்கள்.

"உள்ள வந்ததும் அளக்கலாமான்னு கேட்டான். தொப்பியக் கழட்டிட்டுக் கேட்டான் மாப்ள."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வந்தது வந்துட்டீங்க, முடிச்சிட்டே போங்கன்னேன்." சொல்லும்போதே அவர் முகம் மாறியது. அதுவரை அவருக்கு உறைக்கவில்லை.

அவர்களில் ஒருவன் காலிக் கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தான். "காபி பிரமாதம் சார். ரொம்ப தாங்க்ஸ்."

"பரவாயில்லை," என்றேன். நானும் இந்த ஊர்க்காரன்தான்.

வீட்டுக்குள் போய் மார்லிஸுக்குப் போன் போட்டேன். வெர்லினும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அனுமதி கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"குடுத்தாரா?"

"குடுத்தார்."

"யார் முன்னாடி?"

"எல்லார் முன்னாடியும். காபியோட."

மறுமுனையில் மார்லிஸ் காகிதம் புரட்டும் சத்தம். பிறகு, "கோட்டை மாத்தச் சொல்லி எழுதிப் போடறேன், தம்பி. ஆனா பொய் நம்பிக்கை தரமாட்டேன். மாத்தமாட்டாங்க. இனி நாம சண்டை போடறது குழாயோட கனத்துக்கு, ஆழத்துக்கு, வீட்டுல ஒரு வாயு அலாரத்துக்கு. அவ்ளோதான்."

"சரி."

"இன்னொண்ணு. இது வக்கீலாச் சொல்லலை. பாப்பா எங்க படுக்கறா?"

"கீழே. என் ரூமுக்குப் பக்கத்துல."

"மாடிக்கு மாத்திடு."

வெர்லின் எழுந்து டிராக்டரிலிருந்து ஸ்பேனர் எடுத்துவந்தார். என்னைப் பார்க்கவில்லை. பிரிட்டாவின் கட்டிலைக் கழற்றினோம். குறுகலான படி. நான் முன்னால், அவர் கீழே கனத்தைத் தாங்கிக்கொண்டு. பாதியில் நின்று மூச்சு வாங்கினார். "நான் தூக்கறேன் மாமா" என்றேன். தலையை ஆட்டி மறுத்தார்.

பிரிட்டா தலையணையை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறிவந்தாள். "ஏன் தாத்தா மேல?"

"மேல காத்து நல்லா வரும், கண்ணு."

நான் திருகாணிகளை முடுக்கினேன்.