மந்திரித்த பூ

"இந்தப் பூவைக் குளத்துக்குள்ள விட்டது நீங்களோ, தங்கச்சி?"

குளத்தை ஒட்டிய சேமக்காலை வேலியோரம் நின்று வயல்காரர் அபூதாஹிர் கேட்டபோது, மகளின் கல்லறையைக் கூட்டிக்கொண்டிருந்த மாகிரட் நிமிர்ந்தாள். குளத்தைப் பார்த்தாள். அல்லி மிதந்த தண்ணீரைக் காணவில்லை. கரைக்குக் கரை மிதக்கும் ஆற்றுவாழைச் செடி, அதன்மேல் ஊதாப் பூ.

அதைக் கந்தளாய் வீதியோரச் சாக்கடைக் கானிலிருந்து வேரோடு எடுத்து வந்தவள் அவள்தான். காய்ச்சலில் போன மகள் கிறிஸ்டினின் பெருநாள் சட்டையும் அதே ஊதா. மகளின் தலைமாட்டில் ஒரு சட்டித் தண்ணீரில் விட்டாள். அடக்கத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே வராதிருந்த புருஷன் பற்றிக், பூவைப் பார்க்க ஞாயிறுதோறும் வரத் தொடங்கினான்.

"பார், எங்கட வாயாடி சட்டை மாத்திப்போட்டாள்," என்பான் புதுப் பூ விரிந்தால். மற்ற நாட்களில் மகளின் பெயரே அவன் வாயில் வராது.

போன மரித்தோர் திருநாளுக்குச் செடி பெருகிக் கிடந்தது. எல்லாக் கல்லறைக்கும் கொடுத்தாள். சுவாமியார் மந்திரித்த பூ காலில் மிதிபடக் கூடாதென்று, பூசை முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் குளத்தில் விட்டார்கள். வேரோடு.

"ஓம் நானா, நாங்கள்தான்."

அபூதாஹிர் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். "காம்பு ஊதி நிக்குது, பாத்தீங்களா? உள்ளுக்குக் காத்து. தாழவே தாழாது. குட்டி போட்டுப் போட்டு மதகை அடைச்சிட்டு. வயலுக்குத் தண்ணி இல்ல. மாட்டுக்குப் போட்டுப் பாத்தன். அது என்னைப் பாத்த பார்வை, பொஞ்சாதியும் அப்படிப் பாத்ததில்ல."

மாகிரட்டுக்குச் சிரிப்பு வந்த வழியே போயிற்று. ஊரே அரிசிக்கு வரிசையில் நிற்கும் காலம்.

ஊரார் எல்லோரும் குளத்தில் இறங்கிச் செடியை வாரி, தண்ணீர் எட்டாத மணல்மேட்டில் காயவைத்துக் கொளுத்தினார்கள். கடைசியாக அபூதாஹிரின் கண் சட்டியில் விழுந்தது.

"இதுவுமோ, நானா?"

"மழைக்குச் சட்டி வழிஞ்சா திரும்பவும் குளம்தான், தங்கச்சி."

மாகிரட் சட்டிக்குள் கையை விட்டாள். வேர் தலைமயிரைப்போல விரலைச் சுற்றிற்று. "குறை நினையாதை, குஞ்சு," என்று சொல்லி, தானே கொண்டுபோய் நெருப்பில் வைத்தாள்.

பற்றிக் அந்த ஞாயிறும் வந்தான். வெறும் சட்டியைப் பார்த்தான். நடந்ததையெல்லாம் அவள் சொல்லச் சொல்லக் குனிந்தபடி கேட்டான். பிறகு கல்லறையில் கிடந்த ஒரு சருகைத் தட்டிவிட்டு, படலையைத் திறந்து, மகளின் பெயரை எடுக்காமலே போய்விட்டான்.