தூக்காத விரல்

இடுப்பு எழுந்திருக்க மறுத்தது. வாரம் முழுக்க கிரேடர் வண்டியில் உட்கார்ந்து மண்சாலையைச் செதுக்கினால் ஞாயிற்றுக்கிழமை முதுகெலும்பு பழிவாங்கும். கட்டில் சட்டத்தைப் பிடித்து, முதலில் ஒரு காலை, பிறகு இன்னொன்றை இறக்கி, ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லித்தான் நிமிர்ந்தேன். அண்ணி ரோண்டா தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வாசலில் நின்றாள்.

"என்ன மேவிஸ், பிரசவ வலியா?"

"ஐம்பத்தெட்டு வயசுல பிரசவமானா பேப்பர்ல போடுவாங்க அண்ணி. வண்டில ஏறுங்க."

ரோண்டா என் அண்ணன் பெண்டாட்டி. கடலோரத்தில் மீன் தொழிற்சாலையில் பெட்டி தூக்கியே தோள் அகன்றவள். அண்ணன் படகை விட்டு வரமாட்டான் என்பதால் தனியாகவே பஸ்ஸும் தபால் லாரியும் மாறி வந்து சேர்ந்தாள். எங்கள் ஊரில் பதினொரு பேர். ஒரு மதுக்கடை, அதன் முன்னால் பெட்ரோல் பம்ப், பின்னால் விமானம் இறங்கும் மண்தரை. வந்து இறங்கியதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "ஊரு எங்க?" மதுக்கடைக்கார இவோன் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீ நிக்கிறதுதான்மா கடைத்தெரு. ஓரமா நில்லு, கூட்டம் இடிச்சிரும்."

ஊரைத் தாண்டியதும் எதிரே ஒரு மாட்டு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை உயர்த்தினேன். அவனும் உயர்த்தினான்.

"யாரு அது?"

"தெரியாது."

"தெரியாதவனுக்கா கை காட்டுற?"

"கை இல்ல அண்ணி, விரல். முழுக் கையையும் ஆட்டினா நமக்கு ஏதோ ஆபத்துன்னு வண்டிய நிறுத்திடுவான். விரல் போதும்."

"விரலுக்கு என்ன அர்த்தம்?"

இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். "நான் இருக்கேன், உன்னப் பாத்துட்டேன். அவ்வளவுதான்."

அதன்பிறகு அவள் ஒரு கங்காருவுக்கும், செத்துப்போன ஒரு பழைய காருக்கும் விரல் தூக்கினாள்.

பெரிய மடுவுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அந்த மடுவுக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. இவோனின் தாய்வழிச் சனங்கள் வைத்தது. அதை ஒழுங்காகச் சொல்ல என் நாக்கு வளையாது. வடக்கே எங்கோ பெய்த மழை, எங்களுக்கு ஒரு துளி காட்டாமல், வறண்ட ஆற்றுப்படுகை வழியாக வாரக்கணக்கில் ஊர்ந்து வந்து அதை நிரப்பியிருந்தது. வெள்ளை மரங்கள் வேரைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு நின்றன. கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று யாரும் சொல்லிக்கொடுக்காத கூழைக்கடாக்கள் நூற்றுக்கணக்கில் மிதந்தன. பச்சைக் கிளிக்கூட்டம் ஒன்று மேலே திரும்பியது. திரும்பும்போது மஞ்சளாகி, மறுபடி பச்சையாகி, ஒரே துணியை உதறியதுபோலத் தண்ணீரில் இறங்கி ஏறியது.

இந்தச் சாலையைச் செதுக்கித்தான் சோறு தின்கிறேன். இருந்தாலும் மடு நிறைந்திருக்கும்போது இஞ்சினை அணைக்காமல் கடந்ததில்லை.

ரோண்டா இறங்கித் தண்ணீரோரம்வரை நடந்தாள். பிறகு ஒரு கூழைக்கடாவைக் காட்டி, "இது எங்க ஊருக் களவாணி. போன வருஷம் என் பெட்டியிலேர்ந்து மீன் தூக்கிட்டுப் போனது இதேதான், மூஞ்சி ஞாபகம் இருக்கு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெயில் கூசியிருக்கும்.

ரொட்டியும் குளிர்ந்த ஆட்டுக்கறியும் தின்றுவிட்டு, செம்மணல் குன்றைப் பார்க்கக் கிளம்பினோம். சாயங்காலம் அதன் மேல் ஏறி நின்றால் பூமி எவ்வளவு பெரியது என்று காலுக்குத் தெரியும். அண்ணி இதற்காகத்தான் வந்திருந்தாள்.

அப்போதுதான் தூரத்தில் புழுதி வால் தெரிந்தது. வண்டி கிட்டே வரவும் கண்டுகொண்டேன். கிளெம்மின் பழைய பிக்-அப்.

கிளெம் பக்கத்துப் பண்ணையில் தண்ணீர் பம்புகளைப் பார்த்துக்கொள்பவன். நானும் அவனும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. மழைக்கு நான் சாலையை மூடிப் பலகை வைத்தேன். அவன் பலகையைச் சுற்றிக்கொண்டு ஈரச் சாலையில் ஓட்டி, முழங்கால் ஆழத்துக்குத் தடம் போட்டான். அதைச் சரிசெய்யத்தான் என் இடுப்பில் பாதி போனது. கேட்டதற்கு, மதுக்கடையில் எல்லார் முன்னாலும், "மேவிஸுக்குப் புருஷன் இல்ல, பலகைதான் இருக்கு" என்றான். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் விரல் நிற்கவில்லை. பேச்சு வேறு, விரல் வேறு. அது இல்லாமல் இந்தச் சாலையில் மனுசன் ஓட்ட முடியாது.

விரலைத் தூக்கினேன்.

கிளெம் தூக்கவில்லை. நேரே பார்த்தபடி கடந்து போனான். அவன் புழுதி எங்கள் மேல் விழுந்தது.

"அவன் தூக்கலயே" என்றாள் அண்ணி.

"பாத்தேன்."

"கவனிச்சிருக்க மாட்டான்."

"இங்க கண்ணுக்கு எட்டின தூரத்துல நம்ம வண்டி ஒண்ணுதான் ஓடுது. வேற எதக் கவனிப்பான், ஈயையா?"

உடம்பு எரிந்தது. அவன் அப்பனிலிருந்து ஆரம்பித்து வரிசையாகத் திட்டினேன். ரோண்டா, "ஒரு விரலுக்கா இவ்வளவு?" என்றாள். "உங்க தொழிற்சாலையில ஒருத்தன் உங்க மூஞ்சில துப்பிட்டுப் போனா விடுவீங்களா?" என்றேன். திட்டித் தீர்த்தபோது செம்மணல் குன்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. திட்ட வேறு வார்த்தை இல்லாமல் போனபிறகுதான் பார்த்ததை மறுபடி பார்த்தேன்.

அவன் ஜன்னல் ஏற்றியிருந்தது.

அந்த வண்டியில் குளிர்சாதனம் கிடையாது. கிளெம்மின் வலது முழங்கை எந்தக் காலத்திலும் ஜன்னலுக்கு வெளியேதான் தொங்கும். அந்தக் கை மட்டும் கறுத்துப்போய் வேறு ஆள் கை மாதிரி இருக்கும். இந்த வெயிலில் ஜன்னலை ஏற்றிக்கொண்டு, இடது கையால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனான்.

"அண்ணி, இடுப்புல பெல்ட்டப் போட்டுக்கோங்க."

வண்டியைத் திருப்பினேன்.

"குன்று?"

"அது எங்கயும் போகாது."

ஆற்றுப்படுகைக்கு முன்னால் அவன் வண்டி சாலையை விட்டு இறங்கி, நான் செதுக்கி ஒதுக்கிய மண்வரப்பில் மூக்கைக் குத்தி நின்றது. கிளெம் உள்ளேயே ஆடாமல் உட்கார்ந்திருந்தான். வலது கை விரல்நுனியிலிருந்து தோள்வரை குதிரைக்காலுக்குக் கட்டும் பட்டையால் இறுகச் சுற்றி, பெல்ட்டோடு கட்டியிருந்தது. ஜன்னலை இறக்கும் கைப்பிடியை அந்தக் கையால்தான் சுற்ற வேண்டும். முகம் மாவு நிறம்.

"பாம்பா?"

"பழுப்புப் பாம்பு. பம்புக் கொட்டாயில தகரத்தத் தூக்கினேன்." நாக்கு குழறியது. "ரெண்டு மேவிஸ் தெரியுது. ஒண்ணே தாங்காது எனக்கு."

"ரேடியோல கூப்பிட வேண்டியதுதான?"

"வெள்ளைக் கிளி ஒயரத் தின்னுடிச்சு."

"எங்களப் பாத்தியே, நிறுத்தறதுக்கென்ன?"

"பேட்டரி செத்துப்போச்சு. ஒத்தக் கையால நிறுத்தினா இஞ்சின் அணைஞ்சிரும், தள்ளணும். ஒன்ன வந்து தள்ளுன்னு..." மூச்சு வாங்கினான். "கேட்கவா சொல்ற?"

"செத்தாலும் கேட்க மாட்ட."

"நீதான் பாத்துட்டு நேரா ஓட்டிட்டுப் போன."

ரோண்டா எங்கள் இருவரையும் பார்த்தாள். "இவன் செத்தப்புறம் பேசிக்கலாம். கால் பக்கம் பிடி" என்றாள்.

அவனை அசைக்கவும் கூடாது, அங்கேயே விடவும் முடியாது. என் வண்டியின் பின்தட்டில் படுக்கைச் சுருளை விரித்தோம். நான் கால் பக்கம் குனிந்ததும் இடுப்பில் ஏதோ கத்தியது, கண் இருட்டியது. அண்ணி அவன் அக்குளுக்குக் கீழே கைகொடுத்து, "நகரு, ஐஸ் பெட்டி இதவிட கனம்" என்று சொல்லி, முக்கால் பாரத்தைத் தானே வாங்கிக்கொண்டாள். கட்டிய கை ஆடவே இல்லை. அப்படி ஒரு தூக்கு நான் பார்த்ததில்லை.

என் ரேடியோவில் இவோன் கிடைத்தாள். மருத்துவரோடு விமானம் கிளம்பியது என்று சொன்னாள். கூடவே, "விமானத் தரை முழுக்க ஈமு நிக்குது, வந்து விரட்டுங்க" என்றாள்.

நான் சாலையின் மெத்தென்ற பக்கமாகப் பார்த்து ஓட்டினேன். எந்தப் பள்ளம் எங்கே என்று எனக்குத் தெரியும். நானே போட்ட சாலை. பின்தட்டில் ரோண்டா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கூழைக்கடா மீன் திருடிய கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் "ம்" கொட்டுவதை நிறுத்தும்போதெல்லாம் கன்னத்தில் தட்டினாள்.

இவோன் தன் காரின் ஹார்னை அமுக்கிக்கொண்டு ஈமுக்களை ஒரு பக்கம் துரத்த, அவை சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தன. அண்ணி தட்டிலிருந்து குதித்து, தொப்பியை வீசி, மீன்சந்தையில் ஏலம் கூவும் குரலில் ஒரு சத்தம் போட்டாள். ஈமுக்கள் எங்கள் ஊரையே விட்டுப் போய்விட்டன.

விமானம் இறங்கியது. மருத்துவர் ஊசியைப் போட்டுவிட்டு, கட்டைத் தொட்டுப் பார்த்து, "நல்லா கட்டியிருக்கான். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கட்டு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்" என்றார். கிளெம்மைத் தூக்கி ஏற்றினார்கள். மேலே கிளம்பிய விமானம் மேற்கே சாய்ந்தது.

அந்தப் பக்கம்தான் குன்று. இங்கிருந்து பார்த்தால் தரையின் விளிம்பில் ஒரு கோடு மாதிரி. சூரியன் இறங்கியபோது அந்தக் கோடு பற்றிக்கொண்டது. முதலில் ஆரஞ்சு, பிறகு உலைக்குள் போட்ட இரும்பின் சிவப்பு. அண்ணி கை முழுக்கப் புழுதியோடு, சட்டையில் கிளெம்மின் வாந்தியோடு நின்று பார்த்தாள்.

"இவ்வளவு இடத்தச் சும்மா போட்டு வச்சிருக்கீங்களேன்னு நெனச்சேன் மேவிஸ்" என்றாள். "சும்மா இல்ல போல."

அவள் இன்னும் ஒரு வாரம் தங்கினாள். குன்றின் உச்சியில் செருப்பைக் கழற்றி நின்றாள். ஊருக்குத் திரும்பியதும், நெடுஞ்சாலையில் எல்லாருக்கும் விரல் தூக்கி அண்ணனிடம் திட்டு வாங்குவதாகப் போனில் சொன்னாள்.

அடுத்த மாதம் கிரேடரில் இருந்தேன். எதிரே கிளெம்மின் வண்டி வந்தது. ஜன்னல் இறக்கியிருந்தது, முழங்கை வெளியே தொங்கியது. விரல் உயர்ந்தது. நானும் உயர்த்தினேன். அவன் நிறுத்தினான், இஞ்சினை அணைக்காமல்.

"பேட்டரி மாத்தலயா இன்னும்?"

"ரேடியோ ஒயர் மாத்தினேன்ல."

"பலகை வச்சா சுத்திட்டுப் போவியா?"

"பாம்பு கடிச்சா போவேன்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "கிளெம், இப்பத் தூக்கினது இன்னைக்கு உள்ளது. அன்னைக்கு உள்ளது?"

"அன்னைக்குக் கை கட்டியிருந்துச்சு."

"இடது கைல விரல் இல்லையா?"

கிளெம் கியரைப் போட்டான். புழுதி என் மேல் விழுந்தது. இப்போது மதுக்கடையில் பேசுகிறோம், எனக்கு பீர்கூட வாங்கித் தருகிறான், அதெல்லாம் வேறு. மடுச் சாலையில் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தூக்கியதற்கு அவன் தூக்க வேண்டிய ஒரு விரல், கிளெம் எனக்கு இன்னும் பாக்கி.