கருத்துக்கேட்பில் இத்தாலோவின் பெயர்

எங்கள் பக்கத்துச் சிறு நகரமான உமாரியில் முதல் கருத்துக்கேட்புக் கூட்டம் பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில் நடந்தது. வெள்ளை மலையைக் குடைந்து யுரேனியம் எடுத்து, அங்கேயே பதப்படுத்த ஒரு ஆலை வரப்போகிறது. சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையை ஜனங்கள் முன்னால் விளக்கி, அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்த பிறகுதான் அனுமதி கொடுக்க முடியும். அதனால் தலைநகரிலிருந்து அதிகாரிகள் வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே அனல் தகித்தது. ஒரு பக்கம், ஆலையில் வேலை கிடைக்கும் என்று வந்த இளவட்டங்கள் கம்பெனி கொடுத்த பச்சை டி-ஷர்ட்டில். இன்னொரு பக்கம், மலையடிவாரக் குடியிருப்புகளிலிருந்து நாங்கள்.

ஜெனில்தா எங்கள் ஆள். ஆடு வளர்க்கிறவள், நாற்பதைத் தொட்டவள், கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். அன்றைக்குப் பேச வேண்டியவள் வேறொருத்தி. அவள் மேடையைப் பார்த்ததும் என்னால் முடியாது என்று உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்காக வாதாட ஃபோர்த்தலேசாவிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்த வக்கீல் பெத்தானியா, பக்கத்தில் இருந்த ஜெனில்தாவின் கையில் மைக்கைத் திணித்தாள்.

"தண்ணியப் பத்தி சொல்லு போதும். உனக்குத் தெரியாததா?"

ஜெனில்தா எழுந்தாள். முதலில் நன்றாகத்தான் பேசினாள்.

"எங்களுக்குத் தண்ணி லாரி எப்ப வரும்னு லாரிக்காரனுக்கே தெரியாது. வந்தாலும் தொட்டி பாதிதான் ரொம்பும். இந்த ஆலைக்கு மட்டும் ஏரியிலேர்ந்து குழாய் போட்டுக் கொண்டுவருவோம்னு அறிக்கையில சொல்றீங்க. அவ்ளோ தண்ணி இருந்தா இத்தன வருஷமா அது எங்க இருந்துச்சு?"

எங்கள் பக்கம் கைதட்டினோம். பச்சை டி-ஷர்ட் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். "வேல வேணுமா வேணாமா, அதச் சொல்லும்மா!"

இன்னொருவன், "அது ஆடுங்களக் கேட்டுட்டு வந்துதான்டா சொல்லும்!" என்றான்.

அரங்கமே சிரித்தது. மேடையில் இருந்த அதிகாரி ஒருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். ஜெனில்தாவின் முகம் சிவந்து போனது. கூட்டமாய்ச் சிரிப்பவர்களை அவளால் தாங்க முடியாது. அது ஏன் என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

"என் பையன் செத்துப் போயிட்டான்" என்றாள் திடீரென்று.

சிரிப்பு நின்றது.

"மலையில துள போட்டுப் பாத்தாங்களே, அந்த வருஷம்தான். எங்க கெணத்துத் தண்ணியத்தான் குடிச்சான். வயித்த வலிக்குதும்மான்னான். ஒம்பது வயசு. இத்தாலோ அவன் பேரு."

இதில் ஒவ்வொரு வாக்கியமும் உண்மைதான். ஆனால் மேடையில் நடுவில் இருந்த அம்மாள் முன்னால் சாய்ந்து, மெதுவாகக் கேட்டாள்: "உங்க பையன் யுரேனியத்தாலதான் இறந்தான்னு சொல்றீங்களா அம்மா? நாங்க அப்பிடிப் பதிவு பண்ணிக்கலாமா?"

ஜெனில்தா அரங்கத்தைப் பார்த்தாள். பச்சை டி-ஷர்ட் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

"ஆமா" என்றாள்.

எங்கள் பக்கம் எல்லாரும் எழுந்து நின்றோம். யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்த, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தகரக் கூரை அதிர அதிர இத்தாலோ, இத்தாலோ என்று. பெத்தானியா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

வீட்டுக்குப் போன ஜெனில்தா, வருஷக்கணக்காகத் தூங்காதவள்போல் தூங்கினாள். இதைப் பின்னால் அவளே சொன்னாள். "மனசுலேர்ந்து ஒரு கல்ல எடுத்து யாரு தலையிலயோ வச்சுட்ட மாதிரி இருந்துச்சு. அவ்ளோ லேசா இருந்துச்சு. அதச் சொல்லத்தான் எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு."

நடந்தது வேறு. இத்தாலோவுக்கு முன்பே ஒருமுறை வயிற்றுவலி வந்திருக்கிறது. ஆட்டுச் சந்தைக்குப் போகிற லாரியில் ஏறி, பையனை மடியில் போட்டுக்கொண்டு உமாரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வாயு என்றார். நர்ஸ் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "ஒரு குசுவுக்கு லாரி புடிச்சு வந்திருக்கா பாருங்க!" என்றாள். அந்த வரிசையே சிரித்தது. மறுபடி வலி வந்தபோது ஜெனில்தா போகவில்லை. வயிற்றுவலிக்குக் கொடுக்கிற போல்டோ இலையைக் கசக்கிக் கஷாயம் கொடுத்தாள். துணியைச் சுட வைத்து வயிற்றில் ஒற்றினாள். விடிந்தால் சரியாகிவிடும் என்று இருந்தாள். விடிந்தும் சரியாகாமல், அடுத்த நாளும் பார்க்கலாம் என்று இருந்தாள். கடைசியில் தூக்கிக்கொண்டு ஓடியபோது குடல்வால் வெடித்து, சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. அதே நர்ஸ் இம்முறை சிரிக்கவில்லை. "ஏம்மா இவ்ளோ லேட்டா கொண்டு வந்தே?" என்று கேட்டாள்.

புருஷன் வால்தெமிர் அப்போது சாவோ பாவுலோ பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தான். பஸ் பிடித்து வந்து சேருவதற்குள் பிள்ளையைப் புதைத்தாகிவிட்டது. "வயித்துல நோவு" என்று மட்டும் அவள் சொன்னாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்த சில நாளில் இத்தாலோவின் படம் ஊரெங்கும் வந்துவிட்டது. மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று வெள்ளைச் சட்டையில் எடுத்த படம். பெத்தானியா கேட்டபோது ஜெனில்தா தானே எடுத்துக் கொடுத்தாள். சந்தை வாசலில், மாதா கோயில் மதிலில், தண்ணீர்த் தொட்டியில் எல்லாம் துணியில் அச்சடித்துக் கட்டினார்கள்.

சந்தைக்குப் போய் வந்த வால்தெமிர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"புள்ள மூஞ்சி வெயில்ல தொங்குது. எறக்கச் சொல்லு."

"நல்ல காரியத்துக்குத்தான?"

"காரியம் நல்லதுதான். அந்த ஆலை வரக் கூடாதுன்னுதான் நானும் சொல்றேன். அதுக்காக? நான் வந்தப்ப மண்ணு காஞ்சு போயிருந்துச்சு, ஜெனில்தா. என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் உன்னக் கேட்டதில்ல. நீயா ஒரு நாள் சொல்லுவேன்னு இருந்தேன். இப்ப ஊருக்கே சொல்லிட்ட, எனக்கு மட்டும் சொல்லல. அதுவும் என்னத்தையோ சொல்லியிருக்க."

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கோ போனான். துணிகளை இறக்கச் சொல்லி அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

இரண்டாவது கூட்டத்துக்குத் தேதி குறித்திருந்த சமயம் அது. ஒரு மத்தியானம் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ரைலானி என்ற இளம்பெண் வந்தாள். தோளில் அவள் மகள் லாயீஸ். வெயிலில் நடந்தே வந்திருந்தாள். குழந்தை முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு முனகியது.

"தோனா ஜெனில்தா" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். "உங்களத்தான் பாக்க வந்தேன். உங்க இத்தாலோவுக்கு இப்பிடித்தான் இருந்துச்சா?"

"எப்பலேர்ந்து?"

"முந்தாநாள்லேர்ந்து. கெணத்துத் தண்ணிய நிறுத்திட்டேன். கஷாயம் குடுக்கறேன். யுரேனியம்னா டாக்டரால ஒண்ணும் பண்ண முடியாதாமே? உங்களுக்கு அப்பிடித்தானே ஆச்சு? வேற எதாவது இருக்கான்னு கேக்கத்தான் வந்தேன்."

ஜெனில்தா குழந்தையின் வயிற்றில் கை வைத்தாள். வலது பக்கம் பலகைபோல் இருந்தது. குழந்தை வீறிட்டது.

"வால்தெமிர்! வண்டிய எடு!"

ஆட்டுக் கொட்டிலிலிருந்து அவன் ஓடி வந்தான். ரைலானி ஓரடி பின்னால் போனாள்.

"ஆஸ்பத்திரிக்கா? வேணாங்க. போன தடவ போனப்ப எரிஞ்சு விழுந்தாங்க. எதுக்கெடுத்தாலும் வந்துர்றன்னு அத்தன பேரு முன்னாடி..."

"திட்டட்டும்! காறித் துப்பட்டும்! போ!"

"போயி என்ன பண்ண? யுரேனியத்துக்கு..."

"என் புள்ள யுரேனியத்துல சாகலடி!" ஜெனில்தா அலறினாள். "குடல்வால் வெடிச்சு செத்தான். அறுத்து எடுத்திருந்தா பொழச்சிருப்பான். நான் கூட்டிட்டுப் போகல. மொத தடவ போனப்ப சிரிச்சாங்கன்னு, மறுபடி சிரிப்பாங்கன்னு, கூட்டிட்டுப் போகல. ரெண்டு நாளு. ரெண்டு நாளு கஷாயம் குடுத்துட்டு ஒக்காந்திருந்தேன். கூட்டத்துல சொன்னது பொய்யி. ஏறு வண்டியில!"

வால்தெமிர் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு, ரைலானி வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் மடியில் கிடத்தி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ஜெனில்தா புழுதி அடங்கும் வரை பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உமாரியிலிருந்து லாயீஸை ஆம்புலன்ஸில் ஸோப்ரால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அன்றைக்கே அறுவை செய்தார்கள். குழந்தை பிழைத்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னதாக ரைலானி ஃபோனில் சொல்லி அழுதாள். பொய் சொல்லி ஏமாற்றியதற்கு அவள் திட்டுவாள் என்று ஜெனில்தா காத்திருந்தாள். ரைலானி நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலாம் போல் இருந்தது.

பெத்தானியாவிடம் ஜெனில்தா எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீல் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"இதக் கூட்டத்துலயும் சொல்லணும்ங்கிறியா?"

"ஆமா."

"சொன்னா கம்பெனிக்காரன் நம்ம எல்லாரையும் பொய்க்காரங்கம்பான். தண்ணியப் பத்தி நாம சொன்னதெல்லாம் அதோட அடிபட்டுப் போயிரும். உனக்குப் புரியுதா?"

"புரியுது. ஆனா இன்னொரு ரைலானி எந்த வீட்டுல இருக்கான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

பெத்தானியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு தடவையாவது நான் உன்னக் கேட்டிருக்கணும். டாக்டர் என்ன சொன்னாருன்னு ஒரு வார்த்த. கேக்கல. எனக்கு அந்தப் படம் வேண்டியிருந்துச்சு, அவ்ளோதான்" என்றாள்.

இரண்டாவது கூட்டத்துக்கு முதல் கூட்டத்தைவிட ஜனம் அதிகம். எங்கள் பக்கம் பாதிப் பேர் நெஞ்சில் இத்தாலோவின் படத்தைக் குத்தியிருந்தோம். ஜெனில்தாவின் பெயரைக் கூப்பிட்டதும், அவள் பேசத் தொடங்கும் முன்பே கைதட்டினோம். அவள் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள்.

"போன தடவ ஒரு பொய் சொன்னேன். என் பையன் யுரேனியத்துல சாகல. குடல்வால் நோவு. ஆஸ்பத்திரிக்கு லேட்டா தூக்கிட்டுப் போனது நான்தான். நான் சொன்னத நம்பி யாராவது புள்ளைய வீட்டுல வச்சிருந்தா, இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. அத எழுதிக்குங்கம்மா. எழுதிக்குங்க."

பச்சை டி-ஷர்ட் பக்கம் விசில் பறந்தது. "பொய்க்காரி! பொய்க்காரி!" என்று தாளம் போட்டுக் கத்தினார்கள். அதை அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். எங்கள் பக்கத்து மௌனத்தைத்தான் எதிர்பார்க்கவில்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் நெஞ்சிலிருந்த படத்தைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டார். நானும் அப்படித்தான் செய்தேன்.

அவள் உட்காரவில்லை. சத்தத்துக்கு மேல் சத்தமாக, "தண்ணியப் பத்தி சொன்னது பொய்யில்ல! லாரி இந்த வாரமும் வரல! அதுக்குப் பதில் சொல்லுங்க!" என்றாள். நேரம் முடிந்துவிட்டது என்று மைக்கை நிறுத்திவிட்டார்கள்.

வெளியே வந்தபோது கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆள் ஹெலெனோ கும்பலை விலக்கிக்கொண்டு வந்தான். அவள் சுதாரிப்பதற்குள் அவளுடைய கை அவன் கைக்குள் இருந்தது.

"ரொம்ப துணிச்சலாப் பேசினீங்க தோனா ஜெனில்தா. இப்பிடி நேர்மையானவங்கதான் எங்களுக்கு வேணும்."

யாரோ அதைப் படம் பிடித்தார்கள். அவள் கையை உருவிக்கொண்டு எங்கள் பஸ்ஸில் ஏறினாள். காலியாக இருந்த இருக்கையில் ஒருத்தி பையை எடுத்து வைத்தாள். ஜெனில்தா வழி முழுக்க நின்றுகொண்டே வந்தாள். எழுந்து இடம் கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை. இதை எழுதும்போது உறைக்கிறது. அன்றைக்கு உறைக்கவில்லை.

கை குலுக்கிய படத்தைக் கம்பெனி வெகுநாள் பயன்படுத்திக்கொண்டது. வானொலியில் எங்களைப் பொய்க்காரர்கள் என்று கேலி செய்தார்கள். பெத்தானியா பயந்தது நடந்தது. இருந்தாலும் அறிக்கையில் தண்ணீரைப் பற்றிய பகுதி போதாது, திரும்ப ஆராய்ந்து வாருங்கள் என்று அதிகாரிகள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். ஆலைக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று பல்கலைக்கழகத்துக்காரர்கள் போட்டுக் கொடுத்த கணக்குதான் அதற்குக் காரணம். ஜெனில்தா பேசியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆலை இன்னும் வரவில்லை. வராது என்றும் சொல்வதற்கில்லை. கூட்டங்களுக்கு அவள் இப்போதும் வருகிறாள். கடைசி வரிசையில் உட்காருகிறாள். மைக் அவள் பக்கம் போவதில்லை.

அந்த இரண்டாவது கூட்டத்துக்கு மறுநாள் காலையில், கொட்டிலில் ஆடுகளுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த வால்தெமிர் திரும்பிப் பார்க்காமல் கேட்டானாம்:

"கடைசியா அவன் என்ன சாப்ட்டான்?"

ஜெனில்தா வாளியைக் கீழே வைத்தாள்.

"சோளக் குஸ்குஸ் கேட்டான். பால் ஊத்தி. ரெண்டு வாயிதான் எறங்குச்சு."

"என்னக் கேட்டானா?"

"கேட்டான். அப்பா வர்றப்ப பந்து வாங்கிட்டு வருவாரான்னு கேட்டான்."

வால்தெமிர் தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். பக்கத்தில் அவளுக்கும் இடம் விட்டு நகர்ந்தான்.

"இன்னும் சொல்லு" என்றான்.