எதிர்பார்க்கப்படும் இறப்புகள்

1

இந்தக் கதைக்கு விதை போட்டவள் என் தங்கை. நகராட்சியில் கணக்குப் பார்க்கிறாள். பேச்சுவாக்கில் சொன்னாள்: "பட்ஜெட் போடும்போது, இந்த வருஷம் பென்ஷன்காரங்க எத்தனை பேர் போய்ச் சேருவாங்கன்னு ஒரு உத்தேசம் எழுதணும்ணா. அதை வெச்சுத்தான் செலவைக் குறைச்சுக் காட்டுவோம்."

எனக்குப் பகீரென்றது. அடுத்த நொடியே, ஆகா, கதை கிடைத்துவிட்டது என்று கை துறுதுறுத்தது. எழுதுகிறவன் புத்தி அப்படித்தான்.

2

முதல் தொடக்கம்: "கருமேகங்கள் சூழ்ந்த அந்த மாலையில் நகராட்சிக் கட்டடம்…" வேண்டாம். மேகத்துக்கும் பட்ஜெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: கணினித் திரையில் 'எதிர்பார்க்கப்படும் இறப்புகள்' என்ற அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கணக்கம்மா* அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். (சரி, இது இருக்கட்டும்.)

எதிரே நகராட்சித் தலைவர். ஓய்வு பெற்றவர்களின் பென்ஷனும் ஆஸ்பத்திரிச் செலவும் வரிப்பணத்தில் பாதியை விழுங்கிவிட்டன. பட்ஜெட்டில் துண்டு விழுகிறது.

"ஒரு பத்துப் பேரைக் கூடுதலாப் போட்டா சரியாயிடும்மா," என்றார் தலைவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "இல்லன்னா பென்ஷன்காரங்க மருத்துவ உதவியை நிறுத்தணும். எனக்கு வேற வழி தெரியல."

அவள் மாமனார் அதே நகராட்சியில் காலமெல்லாம் தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிட்ட குழாய்க்காரர். அடுத்த வாரம் அவருக்கு இருதய ஆபரேஷன். நகராட்சி பணம் கட்டினால்தான் டாக்டர் கத்தியை எடுப்பார்.

* ஆபீசில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்.

3

தலைவரை வில்லனாக்கத்தான் பார்த்தேன். தடித்த மோதிரம், கள்ளச் சிரிப்பு எல்லாம் மாட்டிவிட்டேன். ஆளுக்குப் பொருந்தவே இல்லை. அவர் கவலையே வேறு: குப்பை வண்டியில் போகும் பிள்ளைகளுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, பிரசவ ஆஸ்பத்திரியில் கூரை ஒழுகுகிறது.

"பெரியவங்களுக்குக் குடுத்தா பொறக்கப்போற குழந்தைக்கு இல்ல. நான் என்னத்தைம்மா பண்ணுவேன்?" என்று அவர் கேட்டார். மோதிரத்தைக் கழற்றிவிட்டேன்.

4

வீட்டில் குழாய்க்காரர் செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கூடுதலாப் பத்துப் பேரைச் செத்துடுவாங்கன்னு எழுதச் சொல்றாங்க."

"என்னையும் சேத்துக்கயேன். நீ எழுதிட்டா நான் செத்துடுவேனா? நான் பாட்டுக்கு இருந்துட்டுப் போறேன்."

"விளையாடாதீங்க மாமா. பயமா இருக்கு."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "எனக்கும்தாம்மா பயமா இருக்கு. இன்னும் கொஞ்ச காலம் இருக்கணும்னு ஆசையா இருக்கு."

(இந்த வரியை எழுத நான் நினைக்கவே இல்லை. அவராகச் சொன்னார்.)

5

இங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டேன். உருக்கமான கதை என்றால் ஒரு சாவு வேண்டாமா?

உதவி நின்றுபோய், ஆபரேஷன் தள்ளிப்போய், ஒருநாள் காலையில் குழாய்க்காரர்…

அடித்துவிட்டேன். வேறு முடிவு: ஆபரேஷன் மேசையிலேயே அவர்…

அதையும் அடித்தேன். அப்போதுதான் உறைத்தது. பட்ஜெட்டைச் சரிக்கட்டத் தலைவருக்குச் சாவு வேண்டும், கதையை முடிக்க எனக்குச் சாவு வேண்டும். அவராவது தயங்கினார். சீச்சீ!

6

ஆகவே நடந்தது இதுதான். இதுவரை வருடத்துக்குச் சராசரியாக எத்தனை பேர் இறந்தார்களோ, அந்த எண்ணையே கணக்கம்மா கட்டத்தில் போட்டாள்.

"இதுக்கு மேல ஒருத்தரைக்கூட நான் சாகடிக்க மாட்டேன் சார். துண்டு விழுந்தா விழட்டும். விழுதுன்னே பட்ஜெட் கூட்டத்துல சொல்லுங்க."

தலைவர் தலையைச் சொறிந்தார். பிறகு கூட்டத்தில் அப்படியே சொன்னார். வாய்ச்சண்டை, மேசைத் தட்டல், ஒரு வெளிநடப்பு. கடைசியில் நகராட்சிக்குக் கட்டவிருந்த புது ஆபீஸ் கட்டடத்தைத் தள்ளிப்போட்டார்கள். மருத்துவ உதவி இந்த வருடத்துக்குத் தப்பியது. பிரசவ ஆஸ்பத்திரிக் கூரை இன்னும் ஒழுகத்தான் செய்கிறது, அதை நான் மறைக்கவில்லை.

குறித்த நாளில் ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது. "பயப்பட ஒண்ணுமில்லம்மா. நல்லபடியா முடிஞ்சது," என்றார் டாக்டர். கணக்கம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் குழாய்க்காரர் நர்சிடம் சண்டைக்குப் போய்விட்டார், கஞ்சியில் உப்பில்லை என்று.

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

7

உங்களுக்கும்தானே? மறைக்காதீர்கள்.

குழாய்க்காரர் இன்னும் இருபது வருடம் இருப்பார். எழுதிவிட்டேன், இனி மாற்றமில்லை. பென்ஷன், மாத்திரை, பரிசோதனை எல்லாம் அதில் அடக்கம். அடுத்த வருடமும் துண்டு விழும், தள்ளிப்போட இன்னொரு கட்டடம் கிடையாது. அந்த முடிவை எழுத என்னால் ஆகாது. அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு ஊரில் யார் வேண்டுமானாலும் வரலாம். கணக்கம்மா வாசலிலேயே நிற்கிறாள்.

"வாங்க, உக்காருங்க. அவர் பொழைக்கணும்னு நீங்களும்தானே நெனைச்சீங்க? உங்க வீட்டு வரியை எவ்வளவு கூட்டலாம், சொல்லுங்க."